அந்த இரண்டு எழுத்து

முப்பத்தெட்டு நாள் லீவு.
நிக்காஹ் இரண்டு, பத்திர ஆபீஸ், பல் டாக்டர்,
ராமநாதபுரத்தில் பேங்க் வேலை எல்லாம் போக
தகப்பனாக இருக்க எத்தனை நாள் என்று
விமானத்தில் விரல் விட்டுப் பார்த்தேன்.
பதினொன்று தேறியது.

கீழக்கரையில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள்.
ஜொஹராவின் வீட்டில் நான்
இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற மாப்பிள்ளை.
என் மகன் முஸம்மில் எழுந்து நின்று சலாம் சொல்கிறான்.
வாங்க வாப்பா. உக்காருங்க வாப்பா.
தொதல் தட்டை வலக்கையால் நீட்டுகிறான்.
உம்மாவிடம்தான் கத்துகிறான்,
ஓட்டுமாவில் சீனி பத்தலை என்று கிண்ணத்தைத் தள்ளுகிறான்,
கதவை அறைகிறான்.
"எவ்வளவு ஒழுக்கமான பிள்ளை" என்றார் மச்சான்.
விருந்தாளி முகத்தில் யார் கதவை அறைவார்கள்?

ஆறாம் நாள் காலை
கடல் பக்கமிருந்து கருவாட்டு வாடை,
சந்துக்குள் மூன்று சக்கர வண்டியின் மணி.
சாத்தையா. பன்னிரண்டு குடம் நல்ல தண்ணீர்.
என் கல்யாணப் பந்திக்கும் அவர்தான் சுமந்தார்,
அப்போதே அவருக்கு நரை.
என் மகன் செல்போனிலிருந்து தலை தூக்காமல்
"ஏய் சாத்தையா, இங்கன வை. சிந்தாம வை" என்றான்.

வைத்தார். சிந்தவில்லை.
ஜொஹரா சில்லறை எண்ணினாள்.
யாருக்கும் எதுவும் நடந்துவிடவில்லை.
எனக்கு மட்டும் தோள்பட்டை வலித்தது.

அடித்திருக்கலாம்.
பதினொரு நாள் தகப்பனின் அடி
எத்தனை நாள் தாங்கும்?
புத்தி சொல்லியிருக்கலாம்.
வாயைத் திறந்தால்
நாலு வருஷமாய் மூடி வைத்ததும் சேர்ந்து வரும்.

அஸர் தொழுதுவிட்டு அவனைக் கடலோரம் கூட்டிப்போனேன்.
தண்ணீர் உள்வாங்கி, வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.
"வாப்பாவுக்கு அங்க என்ன வேலை தெரியுமா?"
"சூப்பர்வைசர். உம்மா சொன்னாங்க."
"உம்மாகிட்ட நான் சொன்னேன்.
தண்ணி கேன் போடுறேன். ஒரு கேன் இருபது லிட்டர்.
அஞ்சு மாடிக் கட்டடம்."
வெகுநேரம் கழித்து,
"லிஃப்ட் இருக்கும்ல?"
"இருக்கு. கேனோட ஏறக்கூடாது.
மூணாவது மாடியில உன் வயசுல ஒரு பையன்.
என் பேர் அவனுக்குத் தெரியாது.
விசில் அடிப்பான்."
எப்படி என்று அவன் கேட்கவில்லை.
அடித்துக் காட்டினேன்.
நண்டு வலைக்கடியில் மோந்துகொண்டிருந்த நாய் ஒன்று
நிமிர்ந்து பார்த்தது.

மறுநாள் காலை,
"சோறு இருக்கு. சாப்பிடு" என்றான் என்னிடம்.
வாப்பா இல்லை. ங்க இல்லை.
போகிற போக்கில் கதவை அறைந்தான்.
நிலைப்படியில் சுண்ணாம்பு உதிர்ந்தது.
இதற்குத்தானே ஏங்கினேன் என்று நினைத்தேன்.
அப்புறம், வெளியாளுக்கு மரியாதை சொல்லித்தரப் போய்
இருந்ததையும் தொலைத்தேனோ என்று.
எதற்குக் கோபம், பொய்க்கா, கேனுக்கா?
கேட்க நாள் மிச்சமில்லை.
அன்று ராத்திரி ஜொஹரா ஒன்றும் கேளாமல்
என் தோளுக்குத் தைலம் தேய்த்தாள்.
சரியாக, கேன் உட்காரும் இடத்தில்.

இப்போது நாலாம் மாடித் திருப்பத்தில் நிற்கிறேன்.
அவள் அனுப்பிய குரல் பதிவு ஓடுகிறது:
கரண்ட் பில், ட்யூஷன் பீஸ், மாடியில் ஒழுகுவது.
அவள் பேச்சுக்குப் பின்னால் வண்டி மணி.
அதற்கும் பின்னால் அவன் குரல்,
"வா" என்று ஆரம்பிக்கிறது.
மிச்சத்தைக் கச்சான் காற்று தின்றுவிட்டது.

மூன்று முறை போட்டுக் கேட்டேன்.
கீழே விசில் சத்தம்.
கேனை இறக்கி வைத்தேன்.
நாலாவது முறை,
காதோடு அழுத்தி.